மூன்றாம் அதிகாரம்

"முதல் புருசன்ல மனசை வைக்காதேயும், சாந்தா. அவன் மூண்டாம் அதிகாரத்துக்கு மேல தாங்கமாட்டான்."

"ஏனுங்க்கா இப்படிச் சொல்றீங்க? நல்ல மனுசனாட்ட இருக்கான். பொண்டாட்டிக்குப் புதுசா அடுப்பெல்லாம் வாங்கிக் குடுத்திருக்கான்."

"அடுப்பு வாங்கிக் குடுத்திட்டானோ? அப்ப முடிஞ்சுது. இனி விறகு அடுக்குவான் பாரும். வழமையைவிட உயரமா. பிறகு, பனி விழமுன்னம் டவுனுக்குப் போட்டு வாறன் எண்டு குதிரையில ஏறுவான். நாலாம் அதிகாரத்தில பாதிரியார் வந்து வேதம் வாசிப்பார்."

"கதைய முழுசாச் சொல்லிப்போட்டீங்களே!"

"இதில என்ன கதை? எல்லாத்திலயும் அப்பிடித்தான். இவன் செத்தால்தானே உண்மையான கதாநாயகன் உள்ள வரலாம்?"

சான்டா கிளாராவில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மெண்டின் லாண்டரி அறையில், டிரையர் சுற்றி முடியக் காத்திருந்தபோது மேர்சி இதைச் சொன்னாள். அது பிப்ரவரி மாதம். அன்று சாந்தாமணி வயிறு வலிக்கச் சிரித்தாள். மே மாதத்தில் அதே பேச்சு நினைவுக்கு வந்தபோது சிரிப்பு வரவில்லை.

மேர்சி மேல்வீட்டுக்காரி. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண். நாவலின் அத்தியாயத்தைக்கூட பைபிள் பழக்கத்தில் அதிகாரம் என்றுதான் சொல்வாள். அவள் போகும் சர்ச்சின் வாசலில் பழைய புத்தகங்களுக்கென்று ஒரு மேசை உண்டு. அங்கிருந்து பை நிறையக் கொண்டுவருவாள். எல்லா அட்டையும் ஒன்றுபோலவே இருக்கும். தொப்பியின் நாடாவைத் தாடைக்குக் கீழே முடிந்த ஒரு பெண், அவளுக்குப் பின்னால் கோதுமை, தொலைவில் கூண்டு வண்டியோ குதிரைக்காரனோ. நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய மேற்கு அமெரிக்கா. அந்த நிலம் அதற்கு முன் யாருடையது என்று அந்தப் புத்தகங்கள் அதிகம் கேட்டுக்கொள்வதில்லை.

கோபிசெட்டிபாளையத்தில் பி.காம் படித்துவிட்டு, வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் கணவனோடு வந்தவள் சாந்தாமணி. மகள் வெண்பா ஸ்கூலுக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கும். பொழுது போகாமல்தான் முதல் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். எடுத்தவள், அடுப்பில் பருப்பைத் தீயவிட்டாள்.

எங்கோ கிழக்கில் பிறந்த ஒருத்தி, ஒரே ஒரு போட்டோவில் பார்த்த ஆணைக் கட்டிக்கொள்ள ரயிலேறி வருகிறாள். ஸ்டேஷனில் அவள் பெட்டியை அவன் வாங்கிக்கொள்கிறான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பாதிப் புத்தகம் வரை அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுமில்லை. கல்யாணம் முதலில் நடந்துவிடுகிறது. பிரியம் பின்னால், மாவு பிசையும்போதோ கன்று ஈனும் மாட்டின் பக்கத்தில் விளக்கைப் பிடித்து நிற்கும்போதோ, சொல்லாமல் கொள்ளாமல் வருகிறது.

"இதென்னுங்க்கா, எங்க ஊர்க் கதைக்குப் பாவாடை மாத்திவிட்டாப்பல இருக்குது," என்றாள் மேர்சியிடம்.

ஆனால் அவளை உண்மையில் இழுத்தது வேறு. அந்தப் பெண்கள் கடவுளோடு பேசும் விதம். கையில் மாவோடு, காலில் சேறோடு, எனக்கு மழை வேண்டும் ஆண்டவரே, நாளைக்கே வேண்டும் என்று பக்கத்து வீட்டில் உப்புக் கேட்பதுபோலக் கேட்டார்கள். பண்ணாரி அம்மன் சன்னதியில் கண்ணை மூடி நின்றபோதுகூட சாந்தாமணி இன்னது வேண்டும் என்று கேட்டதில்லை. எல்லாத்தையும் நல்லபடியா வச்சிரு தாயே. அவ்வளவுதான் அவளுக்கு வரும்.

கேட்டு வாங்குவது அவள் வளர்ந்த வீட்டில் கேவலம். பந்தியில் இலை காலியாகக் கிடந்தாலும் போதுமுங்க, வேண்டாமுங்க என்று இலைக்கு மேல் கையை நீட்டி மறைக்க வேண்டும். பரிமாறுகிறவர் விடமாட்டார். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் கை விலகும். அமெரிக்காவிலோ யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை. வந்த புதிதில் ஒருநாள், கொட்டும் மழையில் பால் கேனோடு நடந்துகொண்டிருந்தவளைப் பார்த்து, அபார்ட்மெண்ட் ஆபீஸ் பெண் காரை நிறுத்தி ஏறச் சொன்னாள். வேண்டாம் என்றாள் சாந்தாமணி. "ஓகே!" என்று கையசைத்துவிட்டு அந்தப் பெண் போயே போய்விட்டாள். இந்தக் கதையைக் கேட்ட நாள் முதல் மேர்சி அவளுக்கு 'மிஸஸ் வேண்டாம்' என்று பட்டம் கட்டியிருந்தாள்.

அவள் கணவன் திருமூர்த்தி டெக்சாஸில் எம்.எஸ். படித்தவன். ஒரு தடவை கேட்டு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் அவனுக்கும் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், "உனக்கு ஏதாச்சும் வேணுமா மணி?" என்று கேட்டான்.

"வேண்டாமுங்க."

அவன் தலையாட்டிவிட்டுச் செய்தி பார்க்கத் திரும்பினான். இன்னும் இரண்டு தடவை கேட்பான் என்று அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தாள்.

"முடிவு தெரிஞ்சும் எதுக்குங்க்கா திரும்பத் திரும்ப இதையே படிக்கிறீங்க?" என்று ஒருநாள் மேர்சியிடம் கேட்டாள்.

மேர்சி துவைத்த துண்டை மடித்து, அதன் மேல் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "இதில செத்தவனைக் கொண்டுவந்து குடுக்கிறாங்கள், சாந்தா. பெட்டி செய்து, பேரைச் சொல்லிப் புதைக்கிறாங்கள். எங்கட அத்தான் கடைக்குப் போட்டு வாறன் எண்டு சைக்கிளை எடுத்தவர். அக்கா இண்டைக்கும் வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா."

டிரையர் நின்றது.

அந்த 2001 மே மாதத்தில் மழை முற்றிலும் நின்றுவிட்டிருந்தது. குன்றுகளின் பச்சை போய், ஓரத்திலிருந்து மஞ்சள் ஏறத் தொடங்கியது. அபார்ட்மெண்டின் குப்பைத் தொட்டிகளைச் சுற்றி வாராவாரம், வேலை போய் ஊர் திரும்பியவர்களின் சோபாக்களும் மெத்தைகளும் சேர்ந்தன. ஒருநாள் நல்ல கிரைண்டர் ஒன்று, கல்லோடு, வெயிலில் கிடந்தது. கோயில் பார்க்கிங்கில் பார்க்கிறவர்கள் சௌக்கியமா என்று கேட்பதை விட்டுவிட்டு, "உங்க கம்பெனி எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள்.

"எங்களுக்கு ஒண்ணும் பிரச்சனையில்லைங்க," என்பான் திருமூர்த்தி.

அந்த மாதத்தில்தான் அவன் நல்லவனாக ஆரம்பித்தான்.

கெட்டவனாக ஒருநாளும் இருந்ததில்லை. பேசாதவன், அவ்வளவுதான். ஆபீஸிலிருந்து வந்தால் சாப்பிட்டுவிட்டு மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். இப்போது பாத்திரம் கழுவினான். மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்த சிங்க் குழாயைப் பிரித்து மாட்டினான். அப்புறம் பாக்கலாம், அப்புறம் பாக்கலாம் என்று தள்ளிப்போட்டுவந்த டிரைவிங்கை அவனாகவே சொல்லித்தர ஆரம்பித்தான். பர்மிட் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் பள்ளிக்கூடத்தின் வெறும் பார்க்கிங் லாட்டில் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒருதடவைகூடக் கத்தவில்லை.

"கார் எங்காவது நின்னுபோச்சுன்னா பயப்படாத. ஃப்ரீமாண்ட்ல பாலசுப்ரமணியன் அங்கிள் இருக்கார்ல, அவருக்கு போன் பண்ணு. எந்நேரமானாலும் வருவார்."

"உங்களுக்குப் பண்ணுனாப் போதாதுங்களா?"

"எனக்கும் பண்ணலாம்," என்று கண்ணாடி வழியே வெளியே பார்த்தான். "நான் எடுக்கலைன்னா."

ஒருநாள் சாயங்காலம் மூன்று அரிசி மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அலமாரிக்குள் அடுக்கினான். மேல் மூட்டை வெண்பாவின் தலைக்கு மேலே நின்றது.

"எதுக்குங்க இத்தனை?"

"இருக்கட்டும். சேல்ல போட்டிருந்தான்."

கதவருகில் நின்ற சாந்தாமணி அந்த அடுக்கையே பார்த்தாள். விறகு, என்று நினைத்தாள். வழமையைவிட உயரமா.

தன் பைத்தியக்காரத்தனத்தைத் தானே திட்டிக்கொண்டாள். கதை படித்துக் கெட்டுப்போனவள் என்று அம்மா சொல்வாள். ஆனால் ஒரு தடவை பழகிவிட்ட கண் சும்மா இருக்கவில்லை. அந்தக் கதைகளில் ஆபத்துக்கு முன்னால் குதிரை காதை நிமிர்த்தும். கோழிகள் சத்தம் போடாமல் கொட்டகைக்குள் ஏறிக்கொள்ளும். இந்த வீட்டில் குதிரையும் இல்லை கோழியும் இல்லை. டிபன் பாக்ஸ் இருந்தது. முன்பெல்லாம் அது ரசத்தின் வாடையோடு திரும்பி வரும். இப்போது தினமும் கழுவி வந்தது. கம்பெனி கம்பளத்தில் நடக்கிறவனின் ஷூவில் மஞ்சள் புழுதி ஒட்டியிருந்தது.

அடுத்த வாரம் சாப்பிடும்போது சொன்னான். "பாப்பாவுக்கு ஸ்கூல் முடியுதுல்ல. ரெண்டு டிக்கெட் புக் பண்ணிட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிடுங்க."

"அப்பா, ஆர் யூ கமிங் டூ?" என்றாள் வெண்பா.

"அப்பாவுக்கு வேலை இருக்குடா கண்ணு."

போயிட்டு வாங்க என்று அவன் சொல்லவில்லை. எந்த வீட்டிலும் யாரும் வெறுமனே 'போயிடுங்க' என்று சொல்வதில்லை. அடுத்த தெருவுக்குப் போகிறவனைக்கூட, போ என்று சொல்லி அனுப்புவதில்லை. சாந்தாமணி அலமாரிப் பக்கம் பார்த்தாள். ஊருக்கு அனுப்புகிறவன் எதற்கு அரிசி வாங்கி அடுக்கினான்? அவனுக்குள் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் முடிவெடுப்பதுபோல இருந்தது. சரிங்க என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்தாள்.

மறுநாள் மேர்சி கீழே இறங்கி வந்தாள். கையில் புத்தகம் இல்லை.

"சாந்தா, கோவிக்காதேயும். என்ர மனுசன் ஞானேஸ் வேலை விசயமா மோர்கன் ஹில் பக்கம் போனவர். அங்க மலையில ஒரு நீர்த்தேக்கம் இருக்கெல்லோ, அதுக்குப் பக்கத்தில உங்கட காரைக் கண்டவராம். பட்டப்பகல். அண்ணை உள்ளுக்கதான் இருந்தவர். இவர் கை காட்டினவர், அவர் காணேல்லையாம்."

"மீட்டிங் ஏதாவது இருந்திருக்குமுங்க்கா."

"தண்ணியோடயோ?"

அவள் போனதும் சாந்தாமணி அவனுடைய ஆபீஸ் எண்ணை அழுத்தினாள். அவன் பெயரை அவனே சொல்லும் குரல்பதிவு இல்லை. இந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் கனிவாகச் சொன்னது. மறுபடி அழுத்தினாள். அதே கனிவு.

அப்படியானால் தினமும் காலையில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகிறவன் எங்கே உட்கார்ந்து அதைச் சாப்பிடுகிறான், எந்தக் குழாயில் பாக்ஸைக் கழுவுகிறான் என்பது தெரிந்துவிட்டது. வேலை போனது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. எத்தனையோ பேருக்குப் போகிறது. ஊருக்குத் திரும்பலாம், கோபியில் சோறு கிடைக்காதா? வேலை போனவன் மனைவியைத் திட்டுவான், இல்லை அழுவான். குழாயைப் பழுது பார்த்து, அரிசியை அடுக்கி, மனைவிக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தருகிறவன் எதற்குத் தயாராகிறான்? அந்த நினைப்பைக் கடைசி வரை நினைத்து முடிக்க அவளால் முடியவில்லை.

அன்று பகல் முழுவதும் மேர்சி கொடுத்த புத்தகங்களைச் சமையல் மேஜையில் பரப்பிக்கொண்டு மூன்றாம் அதிகாரங்களை மட்டும் படித்தாள். எல்லாவற்றிலும் ஒரே வாசல். ஒரே பெண். நெஞ்சு ஏதோ சொல்கிறது, காற்று சரியில்லை என்று அவளுக்குத் தெரிகிறது. ஆனாலும் கழுத்துத் துணியை எடுத்துக் கொடுக்கிறாள். கவனமாப் போங்க என்கிறாள். குதிரை சின்னப் புள்ளியாகும்வரை வாசலில் நிற்கிறாள். ஒருத்திகூட, போகாதே என்று சொல்லவில்லை. மழைக்கும் கோதுமைக்கும் கடவுளிடம் வாய்விட்டுக் கேட்கத் தெரிந்த பெண்களுக்கு, எதிரில் நின்ற புருஷனிடம் கேட்க வாய் வரவில்லை. விசுவாசம் எல்லாம் நாலாம் அதிகாரத்தில், குழியின் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இவ்வளவு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்த இடம் அது. முதல் தடவையாக அவளுக்கு அந்தப் பெண்கள் மேல் கோபம் வந்தது.

சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தாள். அவன் ஷூவைக் கழற்றி, பாக்ஸை வைத்து, "இன்னைக்கு தயிர்சாதம் நல்லா இருந்துச்சு மணி," என்றான். ஆறு வருடத்தில் சாப்பாட்டைப் பற்றி அவன் சொன்ன முதல் வார்த்தை. கேட்க இருந்ததைக் கேட்காமல், கழுவி வந்த பாக்ஸையே அவள் மறுபடி கழுவினாள்.

சனிக்கிழமை காலை வெண்பாவை மேர்சி வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.

"டிரைவிங் பழகவோ?" மேர்சி அவள் முகத்தைப் பார்த்தாள். வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். "கவனமாப் போட்டு வாரும்."

பார்க்கிங் லாட்டுக்குத் திரும்பும் இடத்தில் சாந்தாமணி திரும்பவில்லை.

"மணி, லெஃப்ட்."

"இன்னைக்கு ஃப்ரீவேல போலாமுங்க."

"ஃப்ரீவேயா? இன்னும் ரெண்டு வாரம் போகட்டும். சரி, சரி, சிக்னல் போடு. ஸ்பீடு பண்ணு. மிரர் பாரு!"

சான் ஹோசேயைத் தாண்டும்வரை அவன் வாத்தியாராகவே இருந்தான். வீடுகள் குறைந்து இரண்டு பக்கமும் குன்றுகள் வந்தபோது வாய் மூடிக்கொண்டான். அவள் எக்ஸிட் எடுத்ததும் மடியிலிருந்த அவன் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"இந்த ரோடு உனக்கெப்படித் தெரியும்?"

"மேப் பாக்க நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

வளைந்து ஏறும் சாலை. கை வியர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது. மேலே, சாலையோரம் மண் மேடாக ஒரு இடம் அகன்றிருந்தது. அவன் ஒன்றும் சொல்லாமலே அதுதான் இடம் என்று தெரிந்தது. நிறுத்தினாள். கீழே நீர்த்தேக்கம். காற்றே இல்லை. தண்ணீர் தகரம்போல அசையாமல் கிடந்தது.

தூண்டிலோடு மேலேறி வந்த ஒரு வயதான வெள்ளைக்காரர் திருமூர்த்தியைப் பார்த்துப் பழகியவர்போலக் கையுயர்த்தினார். "பேக் அகெய்ன், ஹா?" என்று சிரித்துவிட்டுத் தன் வண்டிக்கு நடந்தார்.

அப்போதுதான் அவள் தரையைப் பார்த்தாள். மஞ்சள் புழுதியில் டயர்த் தடங்கள். தடுப்புக் கம்பி உடைந்து திறந்திருந்த இடம் வரை நேராகப் போய், அங்கே நின்று, பின்னால் வந்திருந்தன. அதன்மேல் இன்னொரு தடம். அதன்மேல் இன்னொன்று. ஒன்று மற்றவற்றைவிட ஒரு கையளவு முன்னால் போயிருந்தது.

சாவியைப் பிடுங்கி உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"எப்பங்க வேலை போச்சு?"

அவன் திடுக்கிடவில்லை. "மார்ச்," என்றான்.

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"சொல்லி?" குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "உனக்கு எதுவுமே வேண்டாமே மணி. நகை வேணுமான்னேன், வேண்டாம். ஊருக்குப் போகணுமான்னேன், வேண்டாம். என்னை வச்சு உனக்கு ஆக வேண்டியதுன்னு ஒண்ணு இருந்தா, ஐயோ இது போச்சேன்னு வந்து சொல்லலாம். நல்லதுதான். நான் இருந்தாலும் இல்லாட்டியும் நீ சமாளிச்சுக்குவ." லேசாகச் சிரித்தான். "பாரு, ஃப்ரீவேகூட ஓட்டிட்ட."

ஆறு வருடமாக இலைக்கு மேல் கையை நீட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவன் அதைப் பசியில்லை என்று எடுத்துக்கொண்டு பாத்திரத்தோடு நகர்ந்து போயிருக்கிறான்.

அவன் கதவைத் திறந்தான். "நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன். நீ வண்டிய எடுத்துட்டுக் கிளம்பு. பாப்பா தேடுவா. நிதானமா ஓட்டு."

"இல்லீங்க, மத்தியானத்துக்கு..." என்று ஆரம்பித்தாள். என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்ன வேணும் மணி?" பழக்கத்தில் கேட்டான். ஒரு கால் வெளியே இருந்தது.

"ஒண்ணும்..." என்று வாய் தானாக வந்தது. கவனமாப் போங்க என்பது நாக்கில் தயாராக நின்றது. அதை விழுங்கினாள். எட்டி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். துணி கிழியும் அளவுக்குப் பிடித்தாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் எதைக் கண்டானோ, வெளியே வைத்த கால் புழுதியிலேயே நின்றது. "என்ன?" என்றான். "என்ன வேணும்?"

பிடித்த கையை அவள் விடவில்லை. தாயே, என்று நினைத்தாள். நல்லா வச்சிரு என்பதெல்லாம் போதாது இன்றைக்கு.

"சொல்லு மணி. உனக்கு என்னதான் வேணும்?"

மூன்றாவது தடவை அவன் கேட்டுவிட்டான்.

"நீங்க," என்றாள். "எனக்கு நீங்க வேணுமுங்க."